கல்லோடு வந்தவை

தொட்டிக்கு மேலே விளக்கு எரிந்தது. அவை மட்டும் விளக்கின் பக்கம் போகாமல் சஹ்லாவின் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

மழைக்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த அந்தப் பாசிக்குடா ஹொட்டலின் வரவேற்புக்கூடத்தில், ஒரு சுவரின் நீளத்துக்கு நின்ற உப்புத்தண்ணீர்த் தொட்டியைத் துப்புரவாக்க அதன் முன்னால் அவள் மண்டியிட்டிருந்தாள். ஓட்டுக்கூரையில் மழை விடாமல் இரைந்தது. வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகளிலிருந்து பூஞ்சண வாடை எழும்பிக் கூடமெங்கும் பரவியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் தண்ணீரை இழுத்து இழுத்து விட்ட பம்பியின் சத்தம், சளி கட்டிய நெஞ்சு மூச்சுக்குத் தவிப்பதுபோல, பகல் வெளிச்சமே வராத அந்தப் பகலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

அவை தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில், கண்ணாடிபோல உள்ளே தெரியும் சிறு கடல் அனிமோன்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நகம் அளவு. ஒரு தண்டு, அதன் நுனியைச் சுற்றி நூல் நூலாய் விரல்கள், நடுவில் வாய். கடலில் மூழ்கும் சுழியோடிகள் அதைப் பீடைப்பூ என்பார்கள். பக்கத்திலிருக்கும் பவளத்தைத் தொட்டுத் தொட்டே சுட்டுக் கொன்றுவிடும். நாம் தொடப் போனால் கல்லின் துளைக்குள் ஒளிந்துகொள்ளும். வெட்டினாலோ, துண்டு ஒவ்வொன்றும் ஒரு பூவாகி எழும்பும். சுண்ணாம்பைக் கூழாகக் குழைத்து, சிரிஞ்சில் எடுத்து, அது ஒளிவதற்கு முன் வாய்க்குள் ஏற்றுவது ஒன்றுதான் வழி.

திங்கட்கிழமை சஹ்லா அப்படிப் பதினேழைக் கொன்றிருந்தாள். இன்று புதன்கிழமை, அதே இடங்களில் பதினேழு நின்றன.

அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். அவையும் வலப்பக்கம் சாய்ந்தன. நீரோட்டம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பம்பியை நிறுத்தினாள். தண்ணீர் அசைவற்று நின்றது. இடப்பக்கம் நகர்ந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், அவையும் திரும்பின.

அவை நின்ற கல்லை அவளுக்குப் பிடிக்காது. தொட்டியின் நடுவே, ஒரு மாட்டின் தலையளவுக்கு, குகைபோலத் துளைகள் விழுந்த கல். அவளுடைய புருஷன் இஷாம் தொட்டிகளில் வளர்க்கும் அழகு மீன் பிடிக்கும் சுழியோடியாக இருந்தவன். அவன் கடைசியாகக் கடலிலிருந்து கொண்டுவந்தது அதைத்தான். ஹொட்டல்காரர்கள் பெரிய கல் கேட்டார்கள் என்பதற்காகக் காற்று முடியும்வரை கீழே நின்று அதைக் கிளப்பி, மூச்சு முட்ட ஒரேயடியாக மேலே வந்தான். இரத்தத்தில் கட்டிய குமிழ் முள்ளந்தண்டில் அடைத்தது. மூன்று வருடமாக இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றுமில்லை. கல் இங்கே விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. அவன் ஓட்டமாவடியில், தகரக் கூரையின் கீழே, முதுகு பழுக்கக் கிடந்தான். அவனைத் திருப்பிப் போடுவதற்கும் கல்லைத் துடைப்பதற்கும் இடையில் சஹ்லாவின் வயது போய்க்கொண்டிருந்தது.

பத்து மணியளவில் முகாமையாளர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசினார். ஹொட்டல் திறப்பதற்குள் தொட்டி சுத்தமாக இருக்கவேண்டும் என்றார். பூச்சி கல்லோடு வந்ததுதானே, கல் உங்கள் கணவர் கொண்டுவந்ததுதானே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சஹ்லா ஓம் சேர் என்றாள். தொலைபேசியை வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு கத்தியை எடுத்துவந்தாள்.

என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு கையையும் முழங்கை மூழ்கத் தொட்டிக்குள் விட்டு அந்தக் கல்லைச் சுரண்டினாள். மூன்று வருடத்தையும் சேர்த்துச் சுரண்டினாள். பழுப்புத் துணுக்குகள் தண்ணீரெங்கும் சுழன்றன. உள்ளங்கையில் ஆறாமல் கிடந்த வெட்டுக்காயம் சுரீரென்றது, அவள் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு வாசல் காவலாளி வல்லிபுரம் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, அத வெட்டப்படாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் கத்தியை இன்னும் அழுத்தினாள். தண்ணீர் தெளிந்தபோது கல் வெறுமையாய், வெள்ளையாய் இருந்தது.

அன்று பின்னேரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் கையை ஒழுங்காகக் கழுவவில்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல இஷாமின் குதிகாலில் இருந்த படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டினாள். அவனுடைய முகத்தைப் பார்க்காமலே கட்டினாள். அவளுடைய விரல்களில் உப்பு வாடை அடித்ததை அவன்தான் சொன்னான். கடல் மணக்குது என்றான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மூச்சை இழுத்தான்.

வியாழன் காலை வாழைச்சேனைப் பக்கம் வெள்ளம் பாதையை மூடியது. பஸ் ஓடவில்லை. வேலைக்குப் போகமுடியாமல் சஹ்லா வீட்டிலேயே இருந்தாள். தகரத்தில் விழுந்த மழை பேச்சுச் சத்தத்தை எல்லாம் தின்றது. வெள்ளிக்கிழமை பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து, அறை வாசலில் தேத்தண்ணியோடு வந்து நின்றபோது, அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"புள்ள, உன்ட கை ஏன் இப்பிடிக் குளிருது?"

அவளுக்கும் கட்டிலுக்கும் இடையில் நாலு முழத் தூரம் இருந்தது.

"நான் தொடல்லயே," என்றாள்.

"கால்ல. ஆரோ புடிச்சிக்கிட்டிரிக்கிற மாதிரி இரிக்கி." அவனுடைய முகம் அவள் மறந்துபோயிருந்த விதத்தில் மலர்ந்தது. "மெய்யாத்தான், எனக்குக் கால்ல வெளங்குது."

மூன்று வருடமாக ஒவ்வொரு தொழுகையிலும் அவள் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுப் போர்வையை விலக்கினாள். துணிக்கட்டை அவிழ்த்தாள். புண்ணில் சீழில்லை. சிவப்பில்லை. அலை கழுவிய கல்லைப்போலச் சுத்தமாக, வெளிறிப்போய், சின்னச் சின்னத் துளைகளோடு இருந்தது சதை. துளை ஒன்றிலிருந்து ஏதோ மெல்ல வெளியே வந்தது. தேயிலைச் சாய நிறம். அது விரிந்தது. நூல் நூலாக.

அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் இன்னொன்று. கணுக்காலில் இரண்டு.

கண்ணாடியைக் கொண்டுவா என்றான். சமைந்துபோய் நின்றவளை மூன்று தடவை கேட்டான். சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் காலருகே பிடித்தாள். வாழ்க்கையெல்லாம் கடலடியில் பார்த்தவன், பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டான். அவன் பயப்படாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வெள்ளம் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். காலை எடுக்கச் சொல்லுவாங்க என்றான் அவன்.

"வெட்டினா என்ன நடக்கும் எண்டு ஒனக்குத் தெரியும்தானே. விடு. மூண்டு வரிசத்துக்குப் பொறகு எனக்குக் கால் இரிக்கி, புள்ள."

சனிக்கிழமை மத்தியானம் அவன் அயர்ந்ததும் அவள் அடுப்படியில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்தாள். சிரிஞ்சு அவளுடைய வேலைப் பையிலேயே இருந்தது. போர்வையைத் தூக்கினாள். நேற்று நாலு. இன்று எண்ணமுடியவில்லை. குதிகாலில் நின்ற பெரியதின் வாய்க்கு நேரே ஊசியைக் கொண்டுபோனாள். அது ஒளியவில்லை. வாயைத் திறந்து காத்திருந்தது.

அழுத்தினாள்.

இஷாம் அலறினான். அவள் கலியாணம் செய்த இந்தப் பதினோரு வருடத்தில் அப்படி ஒரு குரலை அவனிடம் கேட்டதில்லை. முழங்கால் மடிந்தது. மூன்று வருடமாக மடியாத முழங்கால் மடிந்து, நெஞ்சுவரை வந்தது. பிறகு அவன் அழுதான். கண்ணீர் காதுக்குள் ஓட, சிரித்துக்கொண்டே அழுதான்.

"நோகுது, புள்ள. அல்ஹம்துலில்லாஹ். நோகுது."

அவள் சிரிஞ்சைத் தூக்கி முற்றத்து வெள்ளத்துக்குள் எறிந்தாள். சுவரோடு சாய்ந்து இருந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு நோவைக் கொடுத்தது தானா, காலைக் கொடுத்தது தானா என்று அவளால் பிரித்துப் பார்க்கமுடியவில்லை. கையைத் தொட்டிக்குள் விட்டவள் அவள். கத்தி எடுத்தவள் அவள். மகிழ்ச்சியில் அவன் கைநீட்டிக் கூப்பிட்டான். அவள் கிட்டப் போகவில்லை.

ஞாயிறு காலை காய்ச்சல் அடித்தது. உடம்பு அனல். போர்வைக்குக் கீழே சின்ன அசைவுகள். காலடியில் இல்லை. இடுப்புக்கு மேலே. நெஞ்சில். அவள் போர்வையைத் தூக்கவில்லை. அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். துப்பினான். உப்புப் போடச் சொன்னான். ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தான். இன்னொரு கோப்பை கேட்டான்.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். படகு அனுப்புகிறோம், இரண்டு மணித்தியாலமாகும் என்றார்கள். என்ன வருத்தம் என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றாள். வேறு சொல் அவளிடம் இருக்கவில்லை.

மத்தியானம் மழை விட்டது. அந்த அமைதியில் அவனுடைய மூச்சுக் கேட்டது. ஈரமான மூச்சு. படகு வருவதற்குள் வயிற்றில் ஏதாவது விழவேண்டும் என்று மீன் ஆணக் குழம்பைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் இருந்தாள். கண்ணை மூடிக் கிடந்தான். ஒட்டி உலர்ந்த முகம். இருந்தாலும் சாந்தமான முகம். கலியாணத்துக்கு அடுத்த நாள் விடியற்காலை அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் கோபம் இல்லை.

"வாயத் திறங்க," என்றாள். "ரெண்டு கரண்டி. எனக்காக."

திறந்தான்.

கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். ஆணத்தின் மணம். உள்ளே இருட்டு. நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ மெல்ல எழும்பியது. கண்ணாடி நிறம். நூல் நூலாய்ப் பல்வரிசையைத் தாண்டி வந்தது. உதட்டில் தவழ்ந்தது. கரண்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தது.

இஷாமின் கண்கள் மூடியே இருந்தன.

அவளுடைய கையிலிருந்து கரண்டி மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே இழுபட்டது.