வெறும் வீட்டின் பதிவு

திரையில், ஹாலின் செருப்பு அலமாரிக்குப் பக்கத்து மூலையில், ஒரு நீலக் கறை தெரிந்தது. நேற்று வரை அது இல்லை.

அவளுடைய ஆராய்ச்சி காதுக்கு எட்டாத ஒலியைப் பற்றியது. கூரையில் பொருத்திய சின்னப் பெட்டிகள் அந்த ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து வீட்டுக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கிடும். தனியாக வசிக்கும் நோயாளி விழுந்து கிடந்தால் கேமரா இல்லாமலே தெரிய வேண்டும், மூச்சு விடுகிறாரா என்பதும் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு. ஆய்வகத்தில் இடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், கடைசியில் சொந்த வீட்டிலேயே மாட்டிவிட்டாள். கூரைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கணவன் கிண்டல் செய்வான்.

இந்த வேலையில் முதல் காரியம், வெறும் வீட்டைப் பதிவு செய்வது. ஆளில்லாத வீட்டின் எதிரொலியை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வருகிற எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால், சுவரும் பீரோவும் மறைந்து மனிதர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். புதிதாக வந்தது சிவப்பு. அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாமல் போனது நீலம்.

எழுந்து போய் மூலையைப் பார்த்தாள். அலமாரி, குடை, பழைய ஷூ எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆளுயரத்துக்கு ஒன்று அங்கிருந்து காணாமல் போயிருக்கிறது என்று திரை சொன்னது. ஆனால் அந்த இடத்தில் அப்படி எதையும் அவர்கள் எப்போதும் வைத்ததில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே மழை மேகம் வீட்டை இருட்டாக்கியிருக்க, மூலையிலிருந்து பல நாள் திறக்காத பெட்டியின் வாடை வந்தது, ஃபிரிட்ஜின் ஓசை ஒரு முறை அதிர்ந்து நின்றது, அதன் பிறகு படுக்கையறையில் சுழலும் மின்விசிறியின் கிறீச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள். மூலையிலிருந்து எதையாவது எடுத்தீர்களா என்று கேட்டதற்கு, அந்த வீட்டில் ஓர் ஆணியைக்கூட அவள் அனுமதியில்லாமல் நகர்த்தும் தைரியம் தனக்கில்லை என்றான். பதிவு செய்த அன்று உள்ளே யாராவது இருந்திருப்பார்களா என்று கேட்டாள்.

"நாம மூணு பேரும் கீழதானே நின்னோம்? நீதானே பூட்டின?"

"ஆமா. நான்தான் பூட்டினேன்."

"அப்புறம் என்ன. சுண்டுவுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு பாரு முதல்ல."

சுண்டு அவர்களுடைய ஆறு வயது மகள். பள்ளிக்குப் போகாமல் காலையிலிருந்து படுத்துக் கிடந்தாள். அவள் கட்டிலில் தெரிந்த சிவப்பு வழக்கத்தைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. இரண்டு போர்வை போர்த்தியிருக்கிறோமே என்று இவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தப் பதிவைத் திறந்தாள். பத்து நிமிடப் பதிவு. அன்று அதைச் சராசரி எடுத்து அப்படியே சேமித்திருந்தாள்; யாருமில்லாத வீட்டில் அசைவைத் தேடிப் பார்க்க யாருக்குத்தான் தோன்றும்? இப்போது நொடி நொடியாக ஓட்டினாள்.

மூலையில் இருந்தது அசைந்தது. மிக மெதுவாக முன்னே வந்தது. பின்னே போனது. மார்பு உயர்ந்து தாழும் அளவு.

மூச்சு. நிமிடத்துக்கு நான்கு.

மூன்று வாரமாக அது அங்கேயே நின்றிருக்கிறது. சுவரோடும் பீரோவோடும் சேர்த்து அதையும் அவளே கழித்திருக்கிறாள். பக்கத்தில் குனிந்து சுண்டுவுக்கு ஷூ மாட்டிவிட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அது நகர்ந்திருக்கிறது.

எங்கே?

கட்டிலின் சிவப்பை மூச்சு மூச்சாகப் பிரித்தாள். ஒன்று, நிமிடத்துக்கு இருபத்தெட்டு. காய்ச்சல்காரக் குழந்தையின் மூச்சு. இன்னொன்று, நான்கு. அதன் மேலே குனிந்தபடி.

ஓடினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி. திரைச்சீலை. போர்வைக்குள் சுண்டு, சுவர்ப்பக்கம் முகம். வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு கணம் மனம் நிம்மதியானது. ஹாலுக்கு வந்தாள். சாவி. சாவி எங்கே? கம்ப்யூட்டர் பக்கத்தில்.

கையை நீட்டியபோது திரையைப் பார்த்தாள்.

ஹாலில் அவள். அவள் தோளில் ஒன்று. நான்கு.

கட்டிலில் ஒன்று. சின்னது. இருபத்தெட்டு.

திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. கலைந்த போர்வை. வேறொன்றும் இல்லை.

"சுண்டு," என்றாள்.

திரையில், கட்டிலில் இருந்த சின்னச் சிவப்பு எழுந்து உட்கார்ந்தது. தோளில் இருந்தது அவள் கழுத்தை மெல்ல இறுக்கிக்கொண்டது.