பகலில் எரிந்த ஹெட்லைட்

சனிக்கிழமை, காலை 11.20. யூஸ்டாலுக்கு வெளியே, பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயத்தில் சிவப்பு ஸ்டேஷன் வேகன் ஒன்று தீப்பிடித்தது. ஓட்டிய தூவா உயிரோடு வெளியே வந்தாள். இரண்டு கைகளும் வெந்திருந்தன.

பிற்பகல் 3.00. கராஜுக்குக் கொண்டுவந்த காரின் இன்ஜின் திறந்து கிடந்தது. ஒரு பிஸ்டனில் ஓட்டை. உலோகம் மெழுகு போல உருகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் குன்வோருக்கு அன்று விடுமுறை. கோட்டைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எதிரே இரண்டு பேர். பந்தயத்துக்காக இன்ஜினைச் சீர் செய்து தந்த யோவ்னி. தூவாவின் அப்பா ஏவெர்ட். கராஜ் அவருடையது. ஓய்வு பெறும்வரை தொலைபேசிக் கம்பங்களில் ஏறிக் கம்பி இழுத்தவர்.

"இவன்தான்," என்றார் ஏவெர்ட். "பின்லாந்துக்காரன். வாயத் தொறக்கிறானா பாரு."

"கேட்டா சொல்வேன்," என்றான் யோவ்னி.

"பிஸ்டன் ஏன் உருகுச்சு?" என்று கேட்டாள் குன்வோர்.

"பெட்ரோல் பத்தல, சூடு எகிறிடுச்சு. புகைக்குழாய்ல புதுசா வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டினேன். புகையில ஆக்ஸிஜன் கொறைஞ்சா, பெட்ரோல் அதிகம்னு அர்த்தம். இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொறைக்கும்."

"சென்சார் தப்பா சொன்னா?"

"நம்பும். கொறைச்சுக்கிட்டே போகும்."

"எப்ப மாட்டினே?"

"வியாழக்கிழமை. ராத்திரி வண்டி இங்கதான் நின்னுச்சு. நேத்து இங்க இருக்கற சோதனை உருளைங்க மேல ஏத்தி, நின்ன இடத்துலயே சக்கரம் சுத்த முழு வேகத்துல ஓட்டினேன். சுத்தமா இருந்துச்சு. உடனே ட்ரெய்லர்ல வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட."

"அப்ப உன்னைத் தவிர யாரும் தொடல."

"இல்ல."

"உனக்கே வினையா இருக்கே அது."



யாரோ போனில் எடுத்த படத்தை குன்வோர் மறுபடி பார்த்தாள். பளிச்சென்ற வெயில். காரின் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"பந்தயத்துல லைட் எதுக்கு?"

"சாவியத் திருப்பினா கை தானா அங்க போகும்," என்றார் ஏவெர்ட். "உனக்கும்தான். இந்த நாட்டுல பகல்லயும் லைட் போடணும்னு சட்டம், யாருக்குத்தான் போகாது?"

"நேத்து உருளை மேல ஓட்டினப்ப லைட் போட்டியா?"

"போடல," என்றான் யோவ்னி. "கராஜுக்குள்ள எதுக்கு?"

மடிக்கணினியில் காலைப் பதிவைத் திறக்கச் சொன்னாள். இன்ஜின் கிளம்பும் முன்பு சென்சார் காட்டிய ஆக்ஸிஜன் கோடு உச்சியில் இருந்தது. பிறகு சட்டென்று இறங்கியது. இன்ஜின் இன்னும் ஓடவில்லை.

"அப்ப குழாய்ல என்ன இருக்கும்?"

"வெறும் காத்து. கோடு உச்சியிலயே நிக்கணும்..." அவன் நிமிர்ந்தான். "தூவா அப்பத்தான் லைட்டப் போட்டிருக்கா."

குன்வோர் டார்ச்சை எடுத்தாள். ஹெட்லைட்டின் பின்னால் ஒரு துருப்பிடித்த போல்ட். அதில் ஒரு கறுப்பு வயர்.

"கம்ப்யூட்டரோட எர்த்!" என்றான் யோவ்னி. "சென்சார் எர்த்தையும் அதையும் இன்ஜின்ல ஒரே போல்ட்டுலதான் மாட்டினேன். இது லைட்டோட எர்த் போல்ட், துரு வேற. இங்க இருந்தா, லைட் எரியறப்ப கம்ப்யூட்டரோட பூஜ்யமே மேல ஏறிடும். சென்சார் சரியா சொன்னாலும் அதுக்குக் கொறைவாத்தான் தெரியும்."

"நேத்து லைட் எரியல. அதனால உனக்குத் தெரியல. மாத்தினது நீ சோதிச்சதுக்கு முன்னாடி. வியாழக்கிழமை ராத்திரி."



"வயர் எட்டல. ஒட்டு போட்டு நீட்டியிருக்கு," என்றாள். "யோவ்னியோட ஒட்டு எல்லாம் பித்தளைக் குழல்ல வெச்சு நசுக்கினது. இது ஒண்ணு மேல ஒண்ணு இறுக்கிச் சுத்தினது. இழுத்தா இன்னும் இறுகும். கம்பத்துக் கம்பிக்குப் போடறது. ஏவெர்ட், இது நீ போட்டது."

ஏவெர்ட் தன் கைகளைப் பார்த்தார்.

"சென்சாரோட எர்த் வயரைத்தான் மாத்தறேன்னு நெனச்சேன். அப்ப பெட்ரோல் ஜாஸ்தியாகும். வண்டி இழுக்காது. தோத்துட்டு வீட்டுக்கு வருவாளேன்னு... போன வருஷம் வண்டியோட உருண்டா, குன்வோர். நான்தான் வெளிய இழுத்தேன்."

"ரெண்டும் கறுப்பு வயர்," என்றான் யோவ்னி மெல்ல.

"எது சரியான வயர்?" என்றார் ஏவெர்ட்.

"ரெண்டுல எதையும் தொட்டிருக்கக் கூடாது."

ஏவெர்ட் எழுந்தார். "அவகிட்ட நானே சொல்லட்டுமா?"

"சொல்லு. ஸ்டேஷனுக்கு ஆஸ்பத்திரி வழியாத்தான் போறோம்."

தன் காரில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குன்வோர் சாவியைத் திருப்பினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கை தானாகப் போய் ஹெட்லைட்டைப் போட்டது. ஏவெர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.