நேரில் வந்த பேய்

அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம், செந்நகர் ஐந்தாம் தளத்தில் பூங்காவனம் தன் பதிலிக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாயில் இருக்கும் அந்த ஊரில் இது அதிசயம் இல்லை. ஆளுக்கொரு இயந்திரப் பதிலி உண்டு. அதே உயரம், அதே முகம், அதே குரல். காதுக்குப் பின்னால் மட்டும் சட்டப்படி ஒரு பச்சைப் புள்ளி ஒளிரும். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அழ வேண்டிய இடத்தில் அழுதுவிட்டு வீடு திரும்பும். நடந்ததையெல்லாம் நம் தலையில் இருக்கும் நினைவுச்சில்லில் இறக்கிவிடும். முழுதாகவும் வாங்கிக்கொள்ளலாம், சாரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். எல்லாரும் சாரத்தைத்தான் வாங்கினார்கள். ஒரு வாய் காபி உள்ளே போவதற்குள் ஒரு கல்யாணமே முடிந்துவிடும்.

"வருஷா வருஷம் பேய் வீட்டுக்கு நீங்கதானேக்கா போவீங்க?" என்றது பதிலி.

"இந்த வருஷம் நீ போ. நான் எங்கன்னு யார் கேட்டாலும் வீட்டுல தூங்குறேன்னு சொல்லு. யார் கேட்டாலும், புரியுதா?"

"புரியுதுக்கா."

ஹாலோவீன் வாரத்தில் செந்நகரே கோலாகலமாக இருக்கும். கண்ணாடிப் பண்ணையில் விளைந்த பரங்கிக்காய்களையெல்லாம் குடைந்து விளக்கு ஏற்றி நடைபாதையில் தொங்கவிடுவார்கள். குடைந்தெடுத்த சதை கூட்டாகவும் சாம்பாராகவும் அடுத்த வாரம் முழுக்கத் துரத்தும். பழைய பனிச்சுரங்கத்தில் பேய் வீடு திறக்கும். பூங்காவனமும் ஜுலைகாவும் ரெஜினாவும் செந்தாமரையும் பெண்கள் விடுதியில் ஒன்றாக இருந்த காலத்திலிருந்தே அங்கே போகிறவர்கள். ஜுலைகாவுக்குப் பயந்தால் விக்கல் வரும். ரெஜினா அடுத்தவர்களை முன்னே தள்ளிவிட்டு, பின்னால் நின்று பேயைத் திட்டுவாள். செந்தாமரை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை கண்ணை மூடிக்கொண்டே நடப்பாள். வெளியே வந்து பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்ததும் உள்ளே பார்த்ததையெல்லாம் கதையாகச் சொல்வதும் அவள்தான்.

அப்புறம் ஒருத்திக்குப் பதவி உயர்ந்தது, ஒருத்திக்கு முழங்கால் வலித்தது, ஒருத்திக்கு நேரமே இல்லாமல் போனது. பதிலிகள் வர ஆரம்பித்தன. மூன்று பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் சதையும் ரத்தமுமாகப் பூங்காவனம் மட்டும் நடந்தாள். பதிலிகளும் அலறின. ஆனால் ஜுலைகாவின் பதிலிக்கு விக்கல் வரவில்லை. பஜ்ஜிக் கடைக்கு அவை வரவே இல்லை. அவள் ஒருத்தியாக நின்று தின்றுவிட்டு வந்தாள். மறுநாள் அரட்டைக் குழுவில் மூன்று பேரும் எழுதினார்கள்: "நேத்து எவ்வளவு ஜாலியா இருந்துச்சுல்ல." அவளும் ஒரு சிரிப்பு முகம் போட்டாள்.

போன வருஷம் வீடு திரும்பும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. செந்நகரில் ஒரு சட்டம் உண்டு, இயந்திரம் மனிதனைப் பயமுறுத்தக் கூடாது. ஆகவே பேய் வேலைக்கு மனிதர்கள்தான் வேண்டும். மூன்று இயந்திரங்களோடு நடப்பதைவிட, நாலு மனிதப் பேய்களோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம். இந்த வருஷம் அவள் பேயாகச் சேர்ந்துவிட்டாள்.

பேய் வேலையில் கஷ்டம் எதுவும் இல்லை. வெங்காயத் தோல் போல மெல்லிய முகத்திரை ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொண்டு இருட்டில் நிற்க வேண்டும். எதிரே வருகிறவரின் நினைவுச்சில்லைத் திரை தொட்டுப் பார்த்து, அந்த நேரத்தில் அவர் மனசில் எந்த முகம் அதிகம் நிற்கிறதோ அதையே வெளிறிப்போன கோலத்தில் காட்டும். பெரும்பாலும் லீவு தராத அதிகாரி வருவார். மாமியாரும் வருவதுண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொன்றை நினைத்தால் திரை குழம்பி மங்கிப்போகும். போட்டிருப்பவருக்கு மட்டும் தன் மேல் யார் முகம் இருக்கிறதென்று தெரியாது.

"இன்னைக்கு வந்ததெல்லாம் பதிலிதான்க்கா" என்றார் பக்கத்து அறைப் பேய் அந்தோணி. "நான் பாட்டுக்கு ஒரு மூலையில சாஞ்சுக்கிட்டேன். அதுங்களா அலறிட்டுப் போயிடுச்சுங்க."

பூங்காவனம் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தொலைவில் காலடிச் சத்தம் கேட்டது. அவளுடைய நாலு பேர் வருகிற நேரம்தான். தன் பதிலி முன்னால் வரும், பின்னால் அந்த மூன்றும் வரும், கையைத் தூக்கி ஒரு உறுமல் போட்டால் போதும் என்று நின்றாள்.

அப்போது விக்கல் சத்தம் கேட்டது.

அவள் கை பாதியில் நின்றது. திருப்பத்தில் நாலு பேரும் வந்தார்கள். ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் தெரிந்தது. அது அவளுடையது.

"தள்ளாதடி ரெஜினா, முட்டி வலிக்குது" என்றாள் செந்தாமரை. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"நாம மூணு பேரும் லீவு போட்டுட்டு நேர்ல வந்தா, இவ இதை அனுப்பிட்டாளே" என்றாள் ஜுலைகா, ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில். "சொல்லாம வந்து அசத்தலாம்னு இருந்தேன்."

"இத்தனை வருஷம் நாம இவளுக்குப் பண்ணினது இதைத்தானே" என்றாள் ரெஜினா.

அவள் நிமிர்ந்து பேயைப் பார்த்தாள். பார்த்ததும் அலறினாள். ஜுலைகாவும் அலறினாள். "செந்தா, கண்ணைத் திறடி. பூங்காவனம்டி."

மூன்று பேர் மனசிலும் ஒரே முகம் நின்றதால் திரை கொஞ்சமும் மங்கவில்லை. பேய் வருகிறவர்களிடம் பேசக் கூடாதென்பது விதி. அவள் திரையைப் பிய்த்துக் கையில் கசக்கினாள்.

"நான்தான்டீ."

"அய்யோ, குரலும் அவளேதான்" என்றாள் செந்தாமரை. வாழ்க்கையில் முதல் முறையாகப் பேய் வீட்டில் கண்ணைத் திறந்திருந்தாள்.

"திரையைக் கழட்டியும் அதே முகம். உள்ள இன்னொரு திரை போட்டிருக்காங்க பாரு" என்றாள் ரெஜினா. "இந்த வருஷம் நல்லாத்தான் செலவு பண்ணியிருக்காங்க."

"லூசு, நிஜமா நான்தான். வேணும்னா எதையாவது கேளு."

செந்தாமரை குறும்பாகக் கேட்டாள்: "கடைசியா நேர்ல வந்தப்ப நான் எதுல இடறி விழுந்தேன்?"

"சவப்பெட்டில. உள்ள படுத்திருந்த பேயே எழுந்து உன்னைத் தூக்கிவிட்டுச்சு. தேங்க்ஸ்ண்ணான்னு சொன்ன."

மூன்று பேரும் கைதட்டினார்கள். "எல்லாத்தையும் நம்ம சில்லிலேந்தே எடுக்குதுடி" என்றாள் ரெஜினா.

பூங்காவனம் ஜுலைகாவின் கையைப் பிடித்தாள். ஜுலைகாவின் விக்கல் நின்றுவிட்டது. அவள் அந்தக் கையை ஒரு நிமிஷம் விடவில்லை. பிறகு பதிலியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, உங்கக்கா எங்க இருக்கா?"

"வீட்டுல தூங்குறாங்க" என்றது பதிலி.

"உண்மையைச் சொல்லு" என்றாள் பூங்காவனம். "நான்தானே சொல்றேன்."

"யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு அக்கா சொல்லியிருக்காங்க."

ரெஜினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாவம், இந்தம்மா என்னமா நடிக்குது. வாங்கடி, ஒரு படம் எடுத்துக்கலாம்." பேயை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். பதிலிதான் எடுத்துக் கொடுத்தது. அடுத்த குழுவுக்கு மணி அடித்தது. மூன்று பேரும் பதிலியைக் கைகோத்து இழுத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நடந்தார்கள். ஜுலைகா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "கை கூட அவ கை மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வேலை முடிந்து பூங்காவனம் பஜ்ஜிக் கடைக்கு ஓடினாள். அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மேஜையில் நாலு தட்டுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் பஜ்ஜி தொடாமல் ஆறிப்போயிருந்தது.

வீட்டில் பதிலி காத்திருந்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. முழுசா வேணுமா, சாரம் போதுமா?"

"முழுசா."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஜுலைகாவின் கை அவள் கைக்குள் வந்தது. செந்தாமரை அவள் முதுகில் முகத்தைப் புதைத்தாள். ரெஜினா தள்ளினாள். பிறகு திருப்பத்தில் ஒருத்தி நின்றாள், கசங்கிய திரையும் கலைந்த முடியுமாக. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாரும் செய்வதைப் போல, பூங்காவனம் அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டாள்.

குழுவில் படம் வந்து விழுந்தது. கீழே ஜுலைகா எழுதியிருந்தாள்: "பூங்கா, உன்னை மாதிரியே ஒரு பேய்டி. இவ்வளவு சந்தோஷமா இருந்து எத்தனை வருஷமாச்சு. அந்தப் பேய் அடுத்த வருஷமும் இருந்தா நாங்க மூணு பேரும் நேர்லயே வர்றோம். நீ அலையாத, பதிலியவே அனுப்பிடு."

பூங்காவனம் ஒரு சிரிப்பு முகம் போட்டாள். பிறகு அடுத்த வருஷத்துக்குப் பதிலியின் பெயரில் ஒரு டிக்கெட் எடுத்தாள். தன் பெயரைப் பேய் வேலைக்குக் கொடுத்துவைத்தாள்.