கஞ்சி குடித்த சுவர்

எத்தனை முறை வெள்ளையடித்தாலும் தொட்டிலை ஒட்டிய சுவரில் அந்தக் கறுப்புப் படை திரும்பி வந்தது. 1987 ஐப்பசி, தர்மபுரியில் மழை விடவேயில்லை. ஈரச் சுண்ணாம்பும் புளித்த கஞ்சியும் கலந்த வாசனை அறையில் தேங்கி நிற்க, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே சுவருக்குள் ஏதோ சப்புக்கொட்டுவதாக சுல்தானாவுக்குத் தோன்றியது. கட்டடங்களில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறவள் பூஞ்சைக்குப் போய்ப் பயப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குத் தீனி போட்டவன் அவள் கணவன் உசேன்தான். சுண்ணாம்பு கையில் ஒட்டாமலிருக்க எல்லோரும் வடிகஞ்சி கலப்பார்கள். இவனோ, வீணாக்குவானேன் என்று குழந்தை குடித்து மிச்சம் வைத்த கஞ்சியை ஊற்றியிருக்கிறான். ஒவ்வொரு பூச்சுக்கும் படை பெரிதானது. ஒவ்வொரு பூச்சுக்கும் குழந்தையின் அழுகை குறைந்தது. சமத்துக் குழந்தை என்றார்கள் பக்கத்து வீட்டில். சுல்தானாவுக்கு அது பிடிக்கவில்லை.

மாரண்டஹள்ளி, பொம்மிடி வீடுகளில் சுரண்டிய காரையோடு தன் வீட்டுக் காரையையும் டி.என்.ஏ. சோதனைக்குப் பெங்களூர் அனுப்பினாள். வீட்டாரின் தோல் துகள் கலந்திருந்தால் கழித்துப் பார்க்க மூவரின் ரத்தமும் போனது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கும் தர்மன் பெங்களூரிலிருந்து வந்த எக்ஸ்ரே பிலிமோடு வந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். ஆளுக்கு ஆள் மாறும் டி.என்.ஏ. கோடுகள். சுவரின் கோடுகளில் பாதி சுல்தானாவுடையவை, பாதி உசேனுடையவை.

"கொளந்த எச்சிங்க அது. கஞ்சியோட செவுத்துக்குப் போயிருக்கும்," என்றான்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சிரிப்புகூட வந்தது. தர்மன் சிரிக்கவில்லை.

"கொளந்த ரத்தந்தாங்க புரியல. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். மனுசக் கோடே இல்லீங்க. பூஞ்ச மட்டுந்தான் இருக்குது."

சீசா மாறியிருக்கும் என்றாள். மாறவில்லை என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பியவன் தொட்டில் பக்கம் திரும்பவேயில்லை.

மழை நின்றது. உசேன் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. பெற்ற குழந்தையைத் தொடவே பயமாக இருந்தது. ஆனாலும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நெற்றி சில்லென்றிருந்தது. ஈரம். தடவிய விரலில் வெள்ளையாக மாவு.

அழுகை கேட்டது. பசி அழுகை. அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

மடியில் கிடந்தது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது.

சுவர் வீறிட்டு அழுதது.