வெள்ளிக்கிழமை ஓடிய தறி

மாலேகானில் வெள்ளிக்கிழமை விசைத்தறி ஓடாது. மற்ற ஆறு நாளும் ஊரே தடக் படக் என்று அதிரும். அன்றைக்கு மட்டும் காக்கா கத்துவதுகூடக் காதில் விழும்.

அந்த வெள்ளிக்கிழமை காக்கா வாயை மூடிக்கொண்டது. அவ்வளவு கூட்டம்! பள்ளிக்கூட மைதானத்தில் தொழுகை முடிந்த கையோடு ஆயிரம் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கவிஞர் கந்தீல் மாலேகான்வி, முப்பது வருடம் கழித்து மும்பையிலிருந்து ஊருக்கு வந்திருந்தார்.

பத்து வயது உமைமா முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அவளுடைய அப்பா நிஹால் மேடையில் ஓடி ஓடி டீ கொடுத்தார்.

கந்தீல் சாஹிப் இரண்டு கஸல் சொன்னார். "வாஹ்! வாஹ்!" என்று மைதானமே அதிர்ந்தது. அதன்பிறகு யாரோ கத்தினார்கள்: "சாஹிப், பதினாலு வயசுல நம்ம ஊரைப் பத்திக் கட்டினீங்களே, அந்த முதல் கஸலைச் சொல்லுங்க!"

கிழவரின் முகம் சுருங்கிவிட்டது.

"அதைத் தேடித்தானே வந்தேன்! என் கஸல் எல்லாம் சேர்த்துப் புத்தகம் வரப்போகுது. அது ஒண்ணுதான் இல்ல. தறி ஓட்டிக்கிட்டே மனசுக்குள்ள கட்டினது, எழுதி வைக்கல. ஒவ்வொரு வரியும் 'இங்கேதானே'ன்னு முடியும். மத்ததெல்லாம் போச்சு. ஊருக்கு வந்தா ஞாபகம் வரும்னு நினைச்சேன். வரலியே!"

கூட்டம் 'ச்சு' கொட்டியது. உமைமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று ஒன்று தோன்றியது. தறிச் சத்தத்தில் கடகடவென்று ஒப்பிக்கிற பதினேழாம் வாய்ப்பாடு, கரண்ட் போய்த் தறி நின்றால் அவளுக்கும் பாதியிலேயே நின்றுவிடும்!

அவள் மேடைக்குத் தாவி ஓடினாள்.

"அப்பா! தறிக்கூடச் சாவியைக் குடுங்க! சாஹிப் பாட்டை மறக்கல. தாளம்தான் இல்ல. நம்ம கூடம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே? ஒரே ஒரு தறியைப் போடுங்க!"

"உனக்கென்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமை தறி போட்டா ஊரே என் தோலை உரிச்சுடும்!"

"உரிக்கட்டும்ப்பா! அவர் சாயங்கால வண்டிக்குப் போயிடுவார். அப்புறம் அந்தப் பாட்டு யாருக்குமே கிடைக்காது!"

நிஹால் கிழவரைப் பார்த்தார். டீத் தட்டைப் பக்கத்திலிருந்தவர் மடியில் வைத்தார். "ஓடு!"

இருவரும் ஓடினார்கள். பூட்டைத் திறந்தார்கள். சுவிட்சைப் போட்டார்கள். கரண்ட் இருந்தது, நல்லவேளை! நிஹால் கைப்பிடியை இழுத்தார். நூலைச் சுமந்த நாடா துணியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறந்தது.

தடக் படக்! தடக் படக்!

மைதானத்தில் பத்துப் பேர் துள்ளி எழுந்ததை உமைமா ஜன்னல் வழியே பார்த்தாள். "எவன்டா அது, வெள்ளிக்கிழமையில?" என்று அவர்கள் வாய் அசைந்தது. நிஹாலின் முகம் வெளுத்தது.

ஆனால் கந்தீல் சாஹிப் இரண்டு கையையும் தூக்கி அவர்களை உட்காரச் சொன்னார். அவருடைய கால் தரையைத் தட்டியது. கண் மூடியது. வாய் திறந்தது!

சொல்கிறார்! ஐயோ, சொல்கிறார்! உமைமா குதித்தாள். கூட்டமே எழுந்து நின்று அவரை மறைத்துவிட்டது. தறிச் சத்தத்தில் ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் ஆயிரம் கை மேலே எழுவது மட்டும் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், ஊருக்கே கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லையே.

கொஞ்ச நேரத்தில் கூடத்து வாசலில் கந்தீல் சாஹிப் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கன்னமெல்லாம் ஈரம். நிஹால் தறியை நிறுத்தப் போனார். 'வேண்டாம்' என்று சாஹிப் தலையாட்டினார்.

அவர் உமைமாவின் எதிரில் வந்து நின்று, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

தறிக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்தச் சத்தத்தில் வேறெப்படிப் பேசுவது? தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு உதடு படிக்கச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு சொல் விடாமல் உமைமா படித்தாள்:

நாடா எந்தப் பக்கம் பறந்தாலும்
    திரும்பும் கரை இங்கேதானே!
நாடு நாடாய் நான் போனாலும்
    நிற்கும் தரை இங்கேதானே!

"வாஹ்! வாஹ்!" உமைமா தொண்டை கிழியக் கத்தினாள். "இன்னொரு தடவை சாஹிப், இன்னொரு தடவை!"

அத்தனை பெரிய கவிஞர், அந்த ஒரே ஒரு ரசிகைக்கு நெற்றியில் கைவைத்துச் சலாம் போட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.