நாலாவது மாடிப் பதிவுத் தபால்

அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடிக்கு எழுபத்திரண்டு படி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான புதுத் தபால்காரன் அதை ஒரே ஒரு தடவைதான் ஏறி எண்ணியிருந்தான். காலில் செருப்புக் கடித்த புண், தோளில் பை அறுத்த தடம். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். "ஆனதும் கூப்பிடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அன்று நாலாவது மாடிக் கிழவிக்குப் பதிவுத் தபால். கையெழுத்து வாங்காமல் கொடுக்க முடியாது.

"அதுக்குப் போய் ஏறுவியா?" என்றார் நத்தை. எல்லாருக்கும் முன்னால் வேலையை முடித்துவிட்டு டீக்கடையில் நிற்கும் மூத்த தபால்காரருக்கு அலுவலகம் கிண்டலாக வைத்த பெயர் அது. "கீழ நின்னே சீட்டுல 'கதவு பூட்டியிருந்தது, முதல் நாள்'னு எழுதுப்பா. நாளைக்கு ரெண்டாம் நாள். மூணாம் நாள் திருப்பி அனுப்பிடலாம். இருபது வருஷமா நான் முட்டியக் காப்பாத்துறது இப்படித்தான்."

எழுதினான். மறுநாளும் எழுதினான்.

மூன்றாம் நாள் தபால் அதிகாரி கூப்பிட்டார். "அந்தக் கட்டடத்துல ஒருத்தரும் வீட்ல இருக்கவே மாட்டாங்களா? இன்னைக்குக் கையெழுத்தோட வா. இல்லன்னா வராத."

ஏறினான். மூன்றாம் மாடி தாண்டியதும் மூத்திர வாடை அடித்தது. தட்டினான். உள்ளே ஏதோ தரையோடு இழுபட்டு வந்து கதவருகில் நின்றது.

"அம்மா, தபால். திறங்க."

"எந்திரிக்க முடியாது கண்ணு. அடியில தள்ளு." குரல் அவன் கால் அருகிலிருந்து வந்தது.

கையெழுத்து வாங்கும் அட்டையையும் பேனாவையும் தள்ளினான். கோணல் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தது. பேனா வரவில்லை. தொலையட்டும் என்று கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினான்.

எதிரே காவலாளி கடப்பாரையோடு ஏறி வந்தான். பின்னால் கிழவியின் மகளும் ஒரு டாக்டரும். "அம்மா மூணு நாளா ஃபோன எடுக்கல," என்றாள் மகள்.

கதவு உடைந்தது.

கிழவி வாசலை ஒட்டி விறைத்துக் கிடந்தாள். விரல்களில் நகமில்லை. கதவின் கீழ்ப்பாகம் முழுக்கக் கீறல்.

"வழுக்கி விழுந்து இடுப்பு போயிருக்கு. உயிர் போனது நேத்து ராத்திரி," என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு தடவ கதவத் தட்டியிருந்தாப் பொழைச்சிருப்பாங்க."

மகள் அவனைப் பார்த்தாள். "நீங்க தினமும் வந்தீங்களா தம்பி?"

"வந்தேங்க," என்றான். "பூட்டியிருந்துச்சு."

அலுவலகத்தில் அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து இருக்குல்ல? போதும்."

மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. நத்தை டீ வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் தன் மாடி வீட்டிலிருந்து மனைவியை ஃபோனில் கூப்பிட்டான்.

"துணியெல்லாம் துவைச்சு எடுத்துட்டு மூணு நாள்ல வர்றேன்," என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டே திரும்பியவனின் கால் ஈரத்தில் வழுக்கியது. துடைத்துவிட்டிருந்த தரை. இடுப்பில் ஏதோ ஒடிந்தது. ஃபோன் கட்டிலுக்கடியில், சுவரோரம் போய் விழுந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

கதவை நோக்கி ஊர்ந்தான். தாழ்ப்பாள் எட்டவில்லை.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். கீழேயே நின்றுவிடாமல், ஒவ்வொரு படியாக, வாசல்வரை.

கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மரத்தை நகத்தால் பிறாண்டினான்.

வெளியே யாரும் தட்டவில்லை. பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

கதவின் அடியில் ஒரு சீட்டு நுழைந்தது. அவன் கையெழுத்துதான். மை இன்னும் காயவில்லை.

'கதவு பூட்டியிருந்தது. முதல் நாள்.'