சிவப்பு நூல் பொட்டலம்

ஹிதாயாவின் வீட்டில் தினமும் இரண்டு தடவை விடியும். முதலில் கடலை ஒட்டிய களப்பு நீருக்கு மேலே விடியும். பிறகு, வெயில் கிணற்றுக் கட்டைத் தொடும் நேரத்தில், உம்மாவின் கைகளுக்கு விடியும்.

அதுவரை அந்தக் கைகள் மூடியபடியே இருக்கும். உம்மா அவற்றை இளஞ்சூட்டு நீரில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். முதலில் பெருவிரல் அசையும். பிறகு சுட்டுவிரல். சின்னவிரல் மட்டும் கடைசிவரை அடம்பிடிக்கும்.

பத்து வயது ஹிதாயாவுக்கு இது பெரிய அதிசயம். இதைப் பார்க்காமல் அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை.

அதைவிடப் பெரிய அதிசயத்தை அவள் போன கிழமை கேள்விப்பட்டாள். ஊர் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரு நாள் ஒரு பெரிய டொக்டர் வருவார். உம்மாவின் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஹிதாயாவும் போயிருந்தாள்.

"எங்கட உம்மாட விரல் ஏன் காலையில மூடிக்கொள்ளுது, டொக்டர்?" என்று கேட்டாள்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "எல்லார்ட உடம்புக்குள்ளயும் காவல்காரர் இருக்காங்க மகள். கிருமி வந்தா அடிச்சு விரட்டுறது அவங்கட வேலை. உம்மாட காவல்காரர் ஆளை மாறிப் பார்த்துட்டாங்க. உம்மாட சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்கிறாங்க."

அவர் ஒரு சின்ன மஞ்சள் குளிசையைக் காட்டினார். பருப்பு மணியளவுதான் இருந்தது.

"இது அவங்களைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் நாலு. மற்ற ஆறு நாளும் இதைத் தொடவே கூடாது. அந்த ஆறு நாளும் வேற மஞ்சள் குளிசை ஒண்டு. அது சத்துக் குளிசை."

"காவல்காரர் குளிசையை ஒவ்வொரு நாளும் குடிச்சா?"

"எல்லாக் காவல்காரரும் படுத்திருவாங்க. பிறகு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் உம்மாவைக் காப்பாத்துறது கஷ்டம்."

ஹிதாயா அந்தக் குளிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சின்னது ஒரு கிழமை முழுவதும் உம்மாவுக்குள் வேலை செய்கிறதா?

உம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருந்தது, பிரஷரும் இருந்தது. மூட்டு வலிக்குக் கொடுக்கிற ஒரு குளிசை சீனியை ஏற்றிவிடும் என்றார் டொக்டர். வலையில் ஒரு கண்ணை இழுத்தால் பக்கத்துக் கண்ணும் இழுபடுவதுபோல, உம்மாவின் உடம்பில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைந்தது.

"நான் நோன்பு பிடிக்கலாமா டொக்டர்?" என்று உம்மா பயந்து பயந்து கேட்டார்.

டொக்டர் சீனி அளவுகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு நோன்பு மாதத்துக்கான குளிசை நேரங்களையெல்லாம், விடியுமுன் உண்ணும் சஹருக்கும் நோன்பு திறக்கிற நேரத்துக்கும் மாற்றி எழுதினார். "பிடியுங்க. ஆனா தலை சுத்தினா, வேர்த்தா, அந்த நிமிசமே நோன்பைத் திறந்துட்டு இங்க வரவேணும்."

அன்று வீடு திரும்பும்போது உம்மாவின் முகம் பெருநாள் முகமாக இருந்தது.

நோன்புக்கு முந்திய நாள் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியது. ஹிதாயா வீட்டுக்கு ஓடி வந்தபோது கனமூலை ஊரிலிருந்து அஸீஸா மாமி வந்திருந்தார். மாமி வாப்பாவின் அக்கா. அவர் தொட்ட வேலை எதுவும் பாதியில் நின்றது கிடையாது. யாரும் கேட்காத வேலைகளையும் அவர் சேர்த்தே முடித்துவிடுவார்.

பாய் முழுவதும் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஒரே அளவு, ஒரே மடிப்பு.

"சஹருக்கு முப்பது, நோன்பு திறக்க முப்பது" என்றார் மாமி. "உங்கட உம்மா இனி உறை உறையாப் பிரிச்சுக் கஷ்டப்படத் தேவல்ல. ஒரு பொட்டலத்தை எடுத்தாச் சரி."

ஆஸ்பத்திரி உறைகளைப் பிரிப்பதற்குள் உம்மாவின் விரல்கள் வலித்துவிடும். அதனால் உம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. "மச்சிக்குத்தான் என்ட கஷ்டம் விளங்கும்" என்றார்.

ஹிதாயா ஆசையாக ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மற்றக் குளிசைகளோடு ஒரு மஞ்சள் குளிசை இருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் ஒரு மஞ்சள்.

"மாமி, மஞ்சள் ரெண்டு உறையில இருந்திச்சே?"

"ஓம். ரெண்டும் ஒரே குளிசைதானே. ஒண்டாக் கொட்டி, நாளுக்கு ஒண்டு போட்டுட்டன். மிஞ்சின பத்தும் அந்தா கோப்பையில இருக்கு."

"உறைகள் எங்க?"

"அடுப்புப் பத்தவெச்சேன்."

டொக்டர் சொன்னதை அவள் மாமிக்குச் சொன்னாள். காவல்காரர், வெள்ளிக்கிழமை, நாலு, எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமியின் முகம் சுருங்கிப் போனது. "நான் என்ன, உங்கட உம்மாவுக்குக் கெடுதல் செய்யவா வந்தேன்?"

"மாமியோட அப்படிக் கதைக்காத புள்ள" என்றார் உம்மா. "ஒரு மாசம்தானே. ஒண்டும் ஆகாது."

உம்மா எப்போதும் இப்படித்தான். யாருடைய மனமும் நோகக் கூடாது என்று தன் உடம்பை நோகவிடுவார். வாப்பா கடலுக்குப் போயிருந்தார். இன்று மாலை பிறை தெரிந்தால் முதல் பொட்டலத்தை உம்மா விடியும் முன்பே பிரித்துவிடுவார்.

ஹிதாயா வெள்ளைப் பீங்கானை எடுத்து வந்து, பொட்டலங்களைப் பிரித்து மஞ்சள் குளிசைகளை எல்லாம் அதில் கொட்டினாள். காயவைத்த கூனி இறாலுக்குள் கிடக்கும் சிப்பித் துண்டுகளைப் பொறுக்குவதுதான் அவளுடைய விடுமுறை வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு மணல்கூடப் போனதில்லை.

குனிந்து பார்த்தாள். சில குளிசைகளின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. மற்றவற்றில் கோடு இல்லை.

பத்து நிமிடத்தில் பீங்கானில் இரண்டு குவியல்கள் இருந்தன.

"அட, இதுக்கா இவ்வளவு கதை?" என்றார் மாமி. "சரி, இப்ப கட்டுவம். கோடு போட்டது எது?"

"அதுதான் வெள்ளிக்கிழமைக் குளிசை போல" என்றார் உம்மா.

"இல்ல, கோடு இல்லாததாத்தான் இருக்கும்" என்றார் மாமி.

இருவரும் ஹிதாயாவைப் பார்த்தார்கள். அவளுக்கும் தெரியவில்லை. டொக்டர் காட்டியபோது அவள் கோட்டைக் கவனிக்கவில்லை. கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயர் இருந்தது. அது எப்படி இருக்கும் என்று இல்லை.

இரண்டும் ஒரே நிறம். இரண்டும் கையில் பாரமே இல்லை. ஒரு குவியல் உம்மாவுக்குச் சத்து. மற்றதை நாள் மாறிக் கொடுத்தால் உம்மாவே இல்லாமல் போகலாம். ஹிதாயா பீங்கானை மிக மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பிரிக்கத் தெரியும். எது எதுவெண்டு தெரியாது" என்றாள். "ஆஸ்பத்திரி மருந்து யன்னலை நாலு மணிக்குப் பூட்டுவாங்க. மாமி, நீங்களும் வாங்க. நான் சின்னப்புள்ள. நீங்க நிண்டாத்தான் மருந்து குடுக்கிற மிஸ் வேலையை விட்டுட்டுப் பார்ப்பாங்க."

மாமி எழுந்து குடையை எடுத்தார். ஹிதாயா இரண்டு குவியல்களையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக் கொப்பியோடு எடுத்துக்கொண்டாள்.

மருந்து யன்னலில் ஷானிகா மிஸ் பூட்டுவதற்காகப் பூட்டைக் கையில் எடுத்திருந்தார். மாமி குடையை யன்னலுக்குள் நீட்டிவிட்டார். "மிஸ், பூட்டாதீங்க. நான் ஒரு பிழை செஞ்சிட்டன்."

ஹிதாயா வியந்து மாமியைப் பார்த்தாள். மாமி இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

ஷானிகா மிஸ் கொப்பியைப் பார்த்தார். கையுறை போட்டு, பெரிய போத்தல்களிலிருந்து ஒவ்வொரு குளிசை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு குவியல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். யன்னலுக்கு வெளியே இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கோடு இல்லாததுதான் வெள்ளிக்கிழமைக் குளிசை. பதினாறு. கோடு உள்ளது சத்துக் குளிசை, இருபத்துநாலு. நாலு கிழமைக்குச் சரி. ஒண்டு கூட மாறல்ல. யார் பிரிச்சது?"

"எங்கட புள்ள" என்றார் மாமி. அந்தக் குரல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

மிஸ் வெள்ளிக்கிழமைக் குளிசையைப் புது உறையில் போட்டுச் சிவப்பு மையால் எழுதினார். "இது பலமான மருந்து. தொட்டா நல்லாக் கை கழுவ வேணும்."

மாமி அங்கேயே குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினார். பிறகு ஹிதாயாவின் கைகளையும் பிடித்துத் தேய்த்துக் கழுவினார்.

வீட்டில் மாமி மறுபடி உட்கார்ந்து, மிஸ் எழுதிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் கட்டினார். ஹிதாயா ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு நாலே நாலு பொட்டலங்கள். அவற்றுக்கு மட்டும் மாமி தடித்த சிவப்பு நூல் கட்டினார்.

"உம்மாவால முடிச்சு அவிழ்க்க ஏலாது மாமி."

"அது எனக்குத் தெரியாதா?" மாமி நூலின் நுனியில் ஒரு பெரிய வளையம் வைத்தார். வளைந்த விரலை அதற்குள் விட்டு இழுத்தால் முடிச்சு தானாகக் கழன்றது.

முதல் வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டதும் உம்மா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சியும் குடித்தார். பிறகு வளையத்துக்குள் விரலை விட்டு இழுத்தார். நாலு மஞ்சள் குளிசைகள் உள்ளங்கையில் விழுந்தன. உம்மா அவற்றை விழுங்கியதை ஹிதாயா கண் இமைக்காமல் பார்த்தாள். இனி ஒரு கிழமைக்கு அவை உறங்கப் போவதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

நாலு வெள்ளிக்கிழமைகள் போயின. நாலு நூல்களையும் ஹிதாயா அலுமாரிக்குள் எடுத்து வைத்தாள்.

பெருநாள் காலையில் அவள் கண் விழித்தபோது உம்மா கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எழும்பு புள்ள. தலை இழைச்சு விடுறன்."

உம்மா தலை இழைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஹிதாயா நூல்களை எடுத்துக் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். விரல்கள் மெதுவாகத்தான் போயின. சின்னவிரல் இரண்டு தடவை தடுக்கியது. ஆனாலும் இரண்டு பின்னல்களும் முடிந்து, சிவப்பு நூல்களும் கட்டியாகிவிட்டன.

ஹிதாயா கதவைத் திறந்து கிணற்றுக் கட்டைப் பார்த்தாள். அங்கே இன்னும் வெயில் வந்திருக்கவில்லை.